நாற்பத்துமூன்று பேர், ஒரே விலாசம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. ஒன்பது மணிக்கே சுள்ளென்று வெயில். முற்றம் முழுக்க ரப்பர் இலை. இரண்டு தடவை பெருக்கியாயிற்று.

பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் என்னைப் பற்றிப் பேசுவது தவறு. எழுதி வைக்கிறேன்.

1. இங்கிலாந்து ஃபுட்பால் டிக்கட்டை நான் கள்ள விலைக்கு விற்கவில்லை. வாங்கியதுமில்லை. கண்ணால் பார்த்ததுமில்லை.
2. வீட்டுக்குப் போலீஸ் வரவில்லை. வந்தவர் கேஸ் சிலிண்டர்க்காரர். அவரும் காக்கிதான் போடுவார்.
3. எனக்கு எழுபத்தெட்டு வயது அல்ல. எழுபத்தாறு.

காய்கறிக் கடையில் நான் பின்னால் நிற்பது தெரியாமல் இரண்டு பேர்:

"டிரஷரி மேடம் லண்டன் டிக்கட்டு பிளாக்குல விக்குதாவளாம்."

"இந்த வயசுலயா?"

"வயசாக்கும் எலே நல்ல மறைவு. யாரு சந்தேகப்படுவா?"

முன்னே போய் அரை கிலோ வெள்ளரி கேட்டேன். இருவரும் திடீரென்று முருங்கைக்காய் பொறுக்கினார்கள்.

நடந்தது இவ்வளவே. வட இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊர். அங்கே ஒரு சின்ன கிளப். நம் பனச்சமூட்டில் அதற்கு நாற்பத்துமூன்று ரசிகர்கள். செயலாளர் சுஜிதா, அக்ஷயா என்கிற இ-சேவை சென்டர் நடத்துகிறவள், முப்பத்தைந்து வயது. அவள் அக்கா அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்கா அனுப்பிய ஒரு சட்டையில் ஆரம்பித்தது. இப்போது நாற்பத்துமூன்று பேரும் வருட சந்தா கட்டுகிறார்கள். அங்கிருந்து உறுப்பினர் அட்டை வருகிறது.

அட்டை ஏன் என் விலாசத்துக்கு வருகிறது என்றால், பனச்சமூடு ஒன்று, மாநிலம் இரண்டு. பாதிப் பேர் வீடு கேரளம், பாதி தமிழ்நாடு. என் வீட்டுக் கிணறு தாண்டினால் எல்லை. முதல் வருடம் பதினோரு அட்டைகள் களியக்காவிளை, வெள்ளறடை தபாலாபீஸ்களுக்கு நடுவே அலைந்து, இங்கிலாந்துக்கே திரும்பிப் போயின. அப்புறம் சுஜிதா கேட்டாள், உங்கள் பெயர் போட்டு கேர் ஆஃப் எழுதட்டுமா என்று. தபால்காரர் என் வீட்டைத் தவற விட்டதில்லை. சம்மதித்தேன். நிபந்தனை: சனிக்கிழமை வந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போக வேண்டும்.

கிளப்பின் கம்ப்யூட்டர் என்ன கண்டது? ஒரு விலாசம். ஒரு பெயர். நாற்பத்துமூன்று அட்டை. பணம் கட்டிய கார்டும் ஒன்றே, சுஜிதா சென்டருடையது. அட்டை உள்ளவர்களுக்கு டிக்கட் முதலில் கிடைக்கும். அதை வாங்கி மறுவிற்பனை செய்யும் ஆள் என்று முடிவு கட்டி அத்தனையையும் ரத்து செய்துவிட்டது.

அதைச் சொல்லி வந்த கடிதத்தில் என் பெயரை மட்டும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறார்கள்.


பிப்ரவரி 5, வியாழன்

மின்சாரம் பத்து முதல் பன்னிரண்டு வரை இல்லை. பென்ஷன் வந்தது. முழங்கால் வலி, இடது.

சுஜிதா (இனி சு.) வந்தாள். கண் வீங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"என் தப்பாக்கும் மேடம். எல்லாத்தையும் ஒரே கார்டுல அடிச்சேன்."

"என் தப்பும் உண்டு. கேர் ஆஃபுக்கு அங்கே என்ன அர்த்தம் என்று கேட்டிருக்க வேண்டும்."

விஷயம் அட்டை அல்லவாம். ஓட்டு. கிளப் கடனில். மைதானத்தை விற்று அடுக்குமாடி கட்ட வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தயார். கிளப் விதிப்படி உறுப்பினர்கள் சம்மதிக்காமல் மைதானத்தை விற்க முடியாது. ஓட்டெடுப்பு 13ஆம் தேதி சாயங்காலத்தோடு முடிகிறது. புதிதாகச் சேர்ந்தால் ஒரு மாதம் கழித்துத்தான் ஓட்டு. அதனால் பழைய அட்டையே உயிர் பெற வேண்டும்.

அதற்கு ஒரு வழி. "விலாசத்துக்குரிய நபர்" ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். நான்கு வரி. இரண்டாவது: பல பெயர்களில் அட்டை வாங்கியது நானே. மூன்றாவது: அது விதிமீறல் என்று ஒப்புக்கொள்கிறேன்.

படித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"மேடம், ஒரு கையெழுத்து."

"முப்பத்தொரு வருஷம் டிரஷரியில் இருந்தேன். பொய்ச் சான்றுக்குக் கையெழுத்துப் போட்டதில்லை."

சு. படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். போகும்போது கிளப்பின் ஆண்டுக் கணக்கைப் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டுப் போனாள். வாசித்தால் மனசு மாறும் என்று நினைத்தாளோ என்னவோ.


பிப்ரவரி 7, சனி

அரிசி, உளுந்து, சோப்பு. குழாய்க்கு வாஷர் மாற்ற ஆள் வரவில்லை.

கணக்கு வாசித்தேன். மூன்று மணி நேரம். ஆங்கிலம் நன்று, யோக்கியம் சுமார்.

— வரவைவிட சம்பளம் அதிகம். எந்த ஆபீஸிலும் இதற்கு மேல் ஒரு வரி வாசிக்க மாட்டோம், திருப்பி அனுப்பிவிடுவோம்.
— துண்டு விழுவதை முதலாளி கடனாகத் தருகிறார். தானே தனக்குக் கடன்காரர்.
— ஆட்டக்காரரை வாங்கிய விலையை ஒப்பந்த வருஷங்களால் வகுத்து, வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறார்கள். நாற்காலி, ஃபேன் போல. இருபத்துநாலு வயதுப் பையன் தேய்கிறான். காலில் அடிபட்டால் ஒரேயடியாக எழுதித் தள்ளுகிறார்கள்.
— மைதானம் ஏற்கெனவே முதலாளியின் இன்னொரு கம்பெனிக்குக் கைமாறத் தயாராய் இருக்கிறது. அங்கிருந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு. கட்டடம் எழும்வரை கிளப்புக்கு வாடகை. சொந்த வீட்டை விற்று அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது.
— "உலகெங்கும் பரவிய ரசிகர்கள்" என்று ஒரு பக்கம். வண்ணப்படம். ஆசியா முழுக்கப் புள்ளிகள். எங்களை வரவு தரும் சொத்தாகக் காட்டி, வாங்க வருகிற கம்பெனிக்கு விலை பேசியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீழ்முனையில் ஒரு புள்ளி உண்டு. அது நாங்களாக இருக்கலாம், கொழும்பாகவும் இருக்கலாம்.

விற்பதற்கு எங்களை எண்ணும்போது நாற்பத்துமூன்று. ஓட்டுக்கு எண்ணும்போது ஒன்று.

"எங்களை" என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை.


பிப்ரவரி 8, ஞாயிறு

புழுக்கம். மாலையில் நெய்யாற்றின்கரையிலிருந்து கொழுந்தன் போன்.

"மைனி, நம்ம குடும்பத்துக்கு இது தேவையாக்குமா? பேரை எடுத்து மாத்தச் சொல்லுங்க. இல்லேன்னா ஒரு கையெழுத்துப் போட்டுத் தொலைச்சு விடுங்க."

"இரண்டில் எது?"

"எதுவானாலும் சீக்கிரம். எங்க ரெசிடென்ஸ் அசோசியேஷன் வரைக்கும் வந்தாச்சு."

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் போனை என்னிடமிருந்து வாங்கி, தம்பி பேசப் பேச வைத்திருப்பார். ஒன்பது வருஷமாக நானே வைக்கிறேன்.

ஐந்து மணிக்கு மூன்று பேர். சு., அமரவிளை டிப்போ கண்டக்டர் ஒருவர், ரப்பர் வெட்டுகிற ஸ்டீபன். ஸ்டீபன் செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டு வந்தார். உள்ளே விடச் சொன்னேன், கேட்கவில்லை. அவரிடம் கேட்டேன், எங்கோ உள்ள மைதானம், போய்ப் பார்க்கப் போகிறீர்களா, விற்றால் உங்களுக்கு என்ன?

"மேடம், ரோட்டுக்கு எங்க அஞ்சு சென்ட் எடுத்தப்போ யாரும் எங்கிட்ட கேக்கல்ல. கல்லு நட்டுட்டுப் போனான். இவனுவ கேக்கான். வேணுமா வேண்டாமான்னு எனக்க பேருல ஒருத்தன் கேக்குது இதாக்கும் முதல் தடவ."

கண்டக்டர் குறுக்கே: "பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல கேட்டானேலே."

"அது ஆளைக் கேட்டான். இது நெலத்தைக் கேக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. எட்டு மணிக்கு ஹார்டுவேர் கடை மாடியில் மேட்ச் போடுவார்கள், வாங்க என்றார்கள். போனேன். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் ஆட்டம். ஒன்றரை மணி நேரத்தில் இரு பக்கமும் ஒருவரும் ஒரு கோலும் அடிக்கவில்லை. முன்வரிசையில் கண்டக்டர் கண்ணைத் துடைத்தார். தேய்மானக் கணக்கில் வாசித்த பையன் வலது ஓரத்தில் ஓடினான். அடையாளம் கண்டுகொண்டேன். நன்றாகத்தான் ஓடுகிறான்.


பிப்ரவரி 10, செவ்வாய்

அதிகாலை குளிர், சால்வை. வாஷர் மாற்றியாயிற்று.

காலையில் காப்பி குடிக்கும்போது வழி கிடைத்தது. ஆபீஸில் என்ன செய்வோம்? பில்லில் தவறான சான்று இருந்தால் கிழிக்க மாட்டோம். சிவப்பு மையால் அடித்து, சரியானதை மேலே எழுதி, ஓரத்தில் சின்னக் கையெழுத்து.

சு.வை வரச் சொன்னேன். படிவத்தில் இரண்டாவது, மூன்றாவது வரிகளை ஸ்கேல் வைத்து அடித்தேன். மேலே ஆங்கிலத்தில்: இந்த அட்டைகள் நாற்பத்துமூன்று தனி நபர்களுடையவை, விலாசம் மட்டும் என்னுடையது, விதிமீறல் எதுவும் இல்லை. கீழே முழுக் கையெழுத்து. சனிக்கிழமை நோட்டில் மூன்று பக்கம், அத்தனை பேர் கையெழுத்தும், சேர்த்து வைத்தேன்.

"மேடம், இது மெஷினாக்கும் வாங்குது. அடிச்சா எடுக்குமா?"

"மெஷினுக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பார். அவர் வாசிப்பார்."

11.20க்கு அனுப்பினாள். 11.24க்குப் பதில். சு. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். நாற்பத்துமூன்று அட்டைக்கும் உயிர் வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமான கை.

கண்ணாடி போட்டு நானும் வாசித்தேன். "உங்கள் விதிமீறலை நேர்மையாக ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இது உங்கள் பதிவில் குறிக்கப்பட்டுள்ளது."

நான்கு நிமிடம். மூன்று பக்கக் கையெழுத்தை நான்கு நிமிடத்தில் எவரும் வாசிக்க முடியாது. ஒருவரும் தாளைப் பார்க்கவில்லை.

உடனே கடிதம் எழுதுகிறேன் என்றேன்.

"வெள்ளி வரைக்கும் பொறுங்க மேடம். இப்போ கிளறினா திரும்பவும் பூட்டிப்போடுவான். பின்ன எவனுக்கும் ஓட்டில்ல."

சொல்வது சரி. பேனாவை மூடினேன்.


பிப்ரவரி 12, வியாழன்

தலைவலி. கஞ்சி, பயறு.

தபால்காரர் மின் கட்டணம் கொடுத்துவிட்டு, "மேடமே, எல்லாம் சரியாச்சில்லியா?" என்றார். ஆயிற்று என்றேன்.

பஸ் ஸ்டாப்பில் இப்போது வேறு பேச்சு. சு. மறைக்கப் பார்த்தாள். கேட்டு வாங்கினேன்.

"ஒத்துக்கிட்டாவளாம். அப்போ செய்தது தானே. செய்யாதவ ஏன் கையெழுத்துப் போடணும்?"

போன வாரம் இது புரளி. இந்த வாரம் கிளப்பே எழுதித் தந்த ஆதாரம் உண்டு. இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். பொறுக்கிறேன். சந்தோஷமாக அல்ல.


பிப்ரவரி 13, வெள்ளி

மேகம், மழை இல்லை. நாற்பத்துமூன்று பேரும் ஓட்டுப் போட்டார்கள். ஸ்டீபன் அக்ஷயாவில் தானே தொட்டுப் போட வேண்டும் என்று பிடிவாதம். விரல் ரப்பர் பால் கறையில், திரை எடுக்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி வந்து போட்டாராம்.


பிப்ரவரி 16, திங்கள்

முடிவு வந்தது. மைதானம் விற்கக் கூடாது என்பதே பெரும்பான்மை. கடன் அப்படியே இருக்கிறது. அது வேறு விஷயம். பனச்சமூட்டில் பட்டாசு. முக்கில் ஒரு ஃபிளெக்ஸ், அதில் என் படம், பென்ஷன் புத்தகத்தில் ஒட்டியது. எங்கே கிடைத்தது? "மேடத்துக்கு நன்றி". இறக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். நாளை என்கிறார்கள்.

காலை பாறசாலை போஸ்ட் ஆபீஸ். ஸ்பீட் போஸ்ட். கவுண்டரில் இருந்த பெண் எடை போட்டுவிட்டு, இமெயில் போதுமே என்றாள். போதாது என்றேன்.

ஆங்கிலத்தில் அனுப்பியதன் நகல் பைலில். சாரம் இங்கே:

கிளப் செயலாளர் அவர்களுக்கு,

10ஆம் தேதி நான் அனுப்பிய படிவத்தில் இரண்டு வரிகள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் எனக்கு நன்றி சொன்னது அந்த இரண்டு வரிகளுக்காக. அடித்த வரிக்கு எந்த நாட்டிலும் மதிப்பில்லை என்று நம்புகிறேன்.

நாற்பத்துமூன்று பேரும் உண்மையான மனிதர்கள். ஒருவர் ரப்பர் வெட்டுகிறார், ஒருவர் பஸ்ஸில் டிக்கட் கிழிக்கிறார். அவர்கள் போட்ட ஓட்டு அவர்களுடையது. அதைத் தொட வேண்டாம். உங்கள் ஆண்டுக் கணக்கை முழுவதும் வாசித்தேன். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

நான் கேட்பது ஒன்று. உங்கள் பதிவில் என் பெயருக்கு எதிரே உள்ள குறிப்பை நீக்குங்கள். நீக்க முடியாது என்றால், என் தாளை வாசித்து அப்படி முடிவு செய்தவரின் பெயரைத் தெரிவியுங்கள். யாரும் வாசிக்கவில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள்.

பதிலை எழுத்தில், ஒரு மனிதரின் கையெழுத்துடன், மேற்கண்ட விலாசத்துக்கு அனுப்பவும்.