ரோஸ்மேரிக்கு ஸ்டெப் கட்

பிப்ரவரி 9

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து வந்தது என் கைதானா என்றே சந்தேகம், அவ்வளவு மெலிவு. பாத்ரூமில் வழுக்கிய ஒரு நொடிக்கு இத்தனை தண்டனை. பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு ரப்பர் பந்தைத் தந்து அழுத்தச் சொன்னாள். பந்தை அழுத்தி எனக்கு என்ன ஆகப்போகிறது? நான் முடி வெட்டுகிறவள். கத்தரிக்கோலை எடுத்தால் கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. பார்லரை உதவிக்கு வைத்த பெண்தான் பார்த்துக்கொள்கிறாள். நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள். அதுவும் சேர்ந்து எரிச்சலாக இருக்கிறது.

இனிமேல் வெட்டவே வராமல் போய்விட்டால்?

பிப்ரவரி 13

பின்பக்கச் சுவரோரம் நிற்கும் ரோஸ்மேரிச் செடியை வெட்டிக் கவாத்து செய்யட்டுமா என்று நாத்தனார் அக்காவிடம் கேட்டேன். கைக்குப் பயிற்சியாக இருக்குமே. அவர் யோசித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்களோடு இருக்க வந்த வாரமே வைத்த செடி; இப்போது இடுப்பளவு புதர். நான் வாடிக்கையாளர்களின் தலை அலசக் கொதிக்க வைக்கும் கொத்துகூட அவராகக் கிள்ளித் தந்தால்தான் உண்டு. கடைசியில், பூ முடிந்துவிட்டது, வெட்டுகிற நேரம்தான், நுனியை மட்டும் எடு என்று சொல்லிவிட்டுக் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் புரை.

நுனியில்தான் ஆரம்பித்தேன், சத்தியமாக. நாலைந்து வெட்டுக்குப் பிறகு கட்டைவிரல் வழிக்கு வந்தது. கிரீச், கிரீச் என்று அந்தச் சத்தம்! எத்தனை நாளாயிற்று கேட்டு! தலைகால் புரியவில்லை. வலது பக்கம் முழுக்க மேலே குட்டை, கீழே நீளம் என்று படிப்படியாக ஸ்டெப் கட் போட்டுவிட்டேன். இலையே இல்லாத கட்டை வரைக்கும் போயிற்று. போனால் என்ன, வளராதா?

அக்கா வந்து பார்த்தார். குனிந்து, கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இது முடி இல்லம்மா. கட்டையில வெட்டினா திரும்பத் துளிர்க்காது."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அழுகையாக வந்தது. ஏன் அழுதேன்? செடிக்கா, கை வந்ததற்கா? ரெண்டுக்கும்தான்.

பிப்ரவரி 14

அக்கா என்னோடு பேசுவதில்லை. உப்பு டப்பா எங்கே என்று கேட்டால் கையைக் காட்டுகிறார்.

பிப்ரவரி 16

லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, உங்கள் அக்காவைக் கொஞ்சம் சமாதானப்படுத்துங்களேன் என்றேன். உங்கள் ரெண்டு பேர் நடுவில் தலையைக் கொடுக்க நான் என்ன மடையனா என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் அக்காவே கூப்பிட்டார். நான் வெட்டிப் போட்டதில் நல்ல இளங்குச்சிகளை மட்டும் பொறுக்கி அன்றைக்கே தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறார்! அடியிலிருக்கும் இலைகளை உருவிவிட்டு நட வேண்டுமாம், அவருக்குக் கண் மங்குகிறதாம். என் விரல் நடுங்குகிறதே என்றேன். "உனக்குக் கண்ணு இருக்கு, எனக்குக் கை இருக்கு, உக்காரு," என்றார். நான் இடம் காட்டினேன், அவர் உருவினார். பிறகு நானும் உருவினேன். மணலும் மண்ணும் கலந்த தொட்டிகளில் வைத்தோம். ரெண்டு கையும் ரோஸ்மேரி வாசம், எத்தனை கழுவியும் போகவில்லை.

மார்ச் 3

பாதிக் குச்சிகள் கறுத்துவிட்டன. காலையில் நான் ஊற்றியிருக்கிறேன், அவருக்குத் தெரியாமல். சாயங்காலம் அவர் ஊற்றியிருக்கிறார், எனக்குத் தெரியாமல். குறைவான தண்ணீரில் வாழ்கிற செடியை ரெண்டு பேருமாகச் சேர்ந்து முழுக்காட்டியிருக்கிறோம். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாமல் போனதில் வீடு நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 24

ஒரு குச்சியை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வரமாட்டேன் என்கிறது. வேர் பிடித்துவிட்டது! அக்காவை இழுத்து வந்து தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

தாய்ச்செடியின் வலது பக்கம் மொட்டையாகவே நிற்கிறது. தினமும் போய்ப் பார்க்கிறேன். அவர் சொன்னது சொன்னதுதான்.

ஏப்ரல் 6

பார்லருக்குப் போனேன். டீச்சர் வந்திருந்தார், வருஷக்கணக்காக என்னிடமே வெட்டிக்கொள்கிறவர். துணி போர்த்தி, சீவி, கத்தரிக்கோலை எடுத்தேன். செடியில் வந்த விரல் அங்கே வரவில்லை. கண்ணாடியில் அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சீப்பை உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் தலைவலி என்று வந்துவிட்டேன்.

செடி கெட்டால் செடி. மனுஷர் தலை கெட்டால்?

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 12

காலையில் பனி ஈரம் காய்ந்ததும் இடது பக்கத்துப் புதுத் தளிர்களை அறுவடை செய்தோம். நான்தான் வெட்டினேன். பச்சை முடிகிற இடம் வருவதற்கு முன்பே இப்போது கை தானாக நிற்கிறது. கொத்துக்கட்டி அடுக்களையில் தலைகீழாகத் தொங்கவிட்டுத் திரும்பி வந்தால், செடி பக்கத்தில் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தோளில் துண்டு. என்ன இது என்றேன்.

"வெட்டு."

இந்த அக்கா! இத்தனை வருஷத்தில் ஒரு நாள் என்னைத் தலையில் கை வைக்க விட்டதில்லை. கண்ணாடி முன்னால் நின்று அடுக்களைக் கத்தரியால் தானே கத்தரித்துக்கொள்வார், எலி கடித்த மாதிரி இருக்கும். டீச்சர் வழியாகச் சேதி வந்திருக்கும்போல.

"கை நடுங்குதுக்கா."

"நடுங்கட்டும். இது கட்டை இல்ல, முடி. வளரும்."

வெட்டினேன். முதலில் நடுங்கியது. பிறகு எப்போது நின்றது என்று தெரியவில்லை. முடிந்ததும் அவர் தன் தலையைத் தடவிப் பார்த்தார். வலது பக்கம் கொஞ்சம் ஏறிப்போய்விட்டது என்று நானே ஒப்புக்கொண்டேன். செடியும் அப்படித்தானே நிற்கிறது, ரெண்டும் ஜோடியாக இருக்கட்டும் என்றார்.

நாளைக்குக் காலையில் டீச்சரை வரச் சொல்லியிருக்கிறேன்.