குளித்த களைப்பு

ஏப்ரல் 9

அடேய் குச்சி,

உயிரோடுதான் இருக்கிறேன். முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கடிதத்தில் நீ மலர்வளையம் வாங்கக் கிளம்பிவிடுவாய்.

நான் போனை எடுப்பதில்லை என்று என் வீட்டுக்காரியிடம் கோபித்துக்கொண்டாயாம். அவள் மேல் தப்பில்லை. நீ ‘ஹலோ’ என்றாலே எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் வயிற்றுத் தையல் சுரீரென்று இழுக்கிறது. இருபது வருடமாக உன்னோடு மேடையில் நின்று பிழைத்ததற்கு இதுதான் தண்டனை போலிருக்கிறது. கொஞ்ச நாளைக்கு எழுத்தோடு நிறுத்திக்கொள். நேரிலும் வந்துவிடாதே. உன் மூஞ்சி உன் குரலைவிட ஆபத்து.

எடை குறைக்கிற ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்கு விட்டிருக்கிறார்களாம். “வெட்டி எடுத்தத எங்க வெச்சிருக்கீங்க டாக்டர்? ரொம்ப நாள் கூட இருந்தது, ஒரு தடவ பாத்துட்டுப் போறேனே” என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. இவரைப் போன்றவர்களுக்கு முன்வரிசையில் இடம் கொடுக்கவே கூடாது.

களைப்பாக இருக்கும் என்று சொல்லத்தான் சொன்னார்கள். ஒரே நாளில் இரண்டு காட்சி முடித்துவிட்டு வேனில் சாய்வோமே, அந்தக் களைப்பு என்று நினைத்தேன். இது வேறு ஜாதி. காலையில் குளித்தேன். குளித்த களைப்புக்குத் தூங்கினேன். தூங்கி எழுந்த களைப்புக்கு மறுபடி படுத்தேன். அரைக் கிண்ணம் கஞ்சியைக் குடித்து முடிப்பதற்குள் மத்தியானம் வந்துவிடுகிறது.

நேற்று தலைக்குச் சோப்புப் போட்டபிறகு குவளையைத் தூக்கக் கையில் தெம்பில்லை. கண்ணில் நுரையோடு குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேனடா. வீட்டுக்காரி சத்தம் கேட்டு வந்து தண்ணீர் ஊற்றிவிட்டாள். வேறு யாருக்கும் இது தெரியாது. உனக்குத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்துக்கு நடுவே இரண்டு தடவை தூங்கியிருக்கிறேன். எங்கெங்கே என்று கண்டுபிடி பார்க்கலாம்.

உன்
பீப்பாய்


ஏப்ரல் 21

என் அருமைப் பீப்பாய்க்கு,

கடிதத்தைப் படித்து முடித்ததும்தான் மூச்சே வந்தது. நல்லபடியாக எழுந்து வா.

இங்கே என் கதையைக் கேள். “இதோ உங்கள் பீப்பாயும் குச்சியும்!” என்று அறிவிக்கிறார்கள். குச்சி மட்டும் போய் நிற்கிறேன். ஜனங்கள் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள். முதல் நிகழ்ச்சி படுத்தேவிட்டது. கேள்வியைக் கேட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் நீ பதில் சொல்வாய் என்று காத்துக்கொண்டு நின்றேன். யாரோ இருமினார்கள்.

அடுத்த நிகழ்ச்சியில்தான் மூளை வேலை செய்தது. சட்டைப் பையில் உன் கடிதம் இருந்தது. எடுத்தேன். “என் கூட்டாளி எழுதுறான், கேளுங்க!” என்று ஆரம்பித்தேன். ‘குளித்த களைப்புக்குத் தூங்கினேன்’ என்றதும் மண்டபம் அதிர்ந்தது. சோப்பு நுரை வந்த இடத்தில் ஓர் அம்மா நாற்காலியிலிருந்து சரிந்தே போனார். அதன்பிறகு ஒரு நிகழ்ச்சி விடாமல் படிக்கிறேன். நீ படுக்கையில் இருந்தபடியே கைதட்டல் வாங்குகிறாய், உன் ராசியே தனி!

இன்னொரு நல்ல செய்தி. ஆகஸ்டில் டயர் கம்பெனி ஆண்டு விழா. நாம் இரண்டு பேரும் வேண்டும் என்றார்கள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ இளைத்துப் போயிருந்தாலும் கவலைப்படாதே. உள்ளே பஞ்சு அடைத்த சட்டை ஒன்றைத் தையற்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

சீக்கிரம் அடுத்த கடிதம் எழுது. இப்படியே நிறைய எழுது.

உன் பாதி அகலம் உள்ள
குச்சி


மே 2

குச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

நான் எழுதியதில் வேடிக்கை எங்கே இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். இருந்திருக்கலாம். நீ படித்தால் மருந்துச் சீட்டுக்குக்கூடச் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் குளியலறையில் நடந்ததை நான் கூட்டத்துக்கு எழுதவில்லை.

நீ தங்கச்சி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரியும் உன் கடிதத்தைப் படித்தாள். “அண்ணன் இதையுமா படிச்சாரு?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் குளிக்கும்போது அவள் உதவிக்குக்கூட வரத் தயங்கினாள். யாரோ பார்ப்பது போல் அவளுக்கு இருந்ததாம்.

பஞ்சுச் சட்டை வேண்டாம். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. படுக்கப் போகிறேன்.

பீப்பாய்


மே 11

அன்புள்ள பீப்பாய்,

என்னைச் செருப்பால் அடி. வாங்கிக்கொள்கிறேன்.

உன் பதில் வந்த அன்றோடு அந்தக் கடிதத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டேன். மேடைக்கு அதை எடுத்துப் போவதில்லை, இனி ஒருநாளும் போக மாட்டேன். தங்கச்சியிடம் என்ன முகத்தோடு பேசுவது என்று தெரியவில்லை. நீயே சொல்லிவிடு, உங்கண்ணனுக்கு அறிவு மட்டு என்று.

சாக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒரு விஷயத்தையாவது சிரிக்காமல் பேசியிருக்கிறோமா? உனக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று அதை வைத்து ஒரு காட்சியே எழுதினோம். நீதானே முதல் வரி சொன்னாய்? மேடைப் படியில் உனக்கு மூச்சு முட்டியபோதுகூட, ஜனங்கள் சிரிக்கிறார்களா என்றுதான் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். உன் கடிதத்தைப் படிக்கும்போதும் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று தேடித்தான் என் கண் ஓடியது. கிடைத்தது. அதோடு நின்றுவிட்டேன். நீ அழுதேன் என்று எழுதியிருந்ததை, அடுத்த சிரிப்புக்கு முன்னால் விடும் இடைவெளி என்று எடுத்துக்கொண்டேனடா.

நீ நிஜமாகவே முடியாமல் கிடக்கிறாய் என்பது உன் இரண்டாவது கடிதம் வந்தபிறகுதான் உறைத்தது. இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன்
குச்சி


ஜூன் 3

பீப்பாய்,

பதிலே இல்லை. போன் செய்தால் தங்கச்சி, “தூங்குறாரு அண்ணே” என்கிறாள். மரியாதையாகத்தான் சொல்கிறாள், அதுதான் பயமாக இருக்கிறது.

டயர் கம்பெனிக்காரர்கள் நச்சரிக்கிறார்கள். அவர்கள் கிடக்கட்டும். எனக்குத்தான் தெரிந்தாக வேண்டும், மறுபடி என்னோடு நிற்பாயா மாட்டாயா? கோபம் என்றால் எத்தனை மாதமானாலும் காத்திருப்பேன்.

வருகிற சனிக்கிழமை உன் தெருவுக்குப் பக்கத்திலேயே, நூலக மண்டபத்தில் நிகழ்ச்சி. முடிந்ததும் வீட்டுக்கு வரட்டுமா? நீ வா என்று சொன்னால்தான் வருவேன்.

குச்சி


ஜூன் 14

அன்புள்ள குச்சிக்கு,

எழுதாமல் இருந்ததற்குக் கோபம் பாதி, தெம்பில்லாதது மீதி. எது எந்தப் பாதி என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது பரவாயில்லை. ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து தரைமட்டம் என்று தெரிந்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குளியலறையில் ஒரு ஸ்டூல் போட்டாயிற்று. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு யோசனை சொல்கிற அம்மா ஒரு நல்ல வித்தை சொல்லிக்கொடுத்தார். “களைச்சப்புறம் படுக்காதீங்க, களைக்கிறதுக்கு முன்னாடியே படுங்க” என்றார். மாடிப்படி ஏறுவதற்கு முன்னால் ஒரு ஓய்வு, முட்டையைத் தின்பதற்கு முன்னால் ஒரு ஓய்வு. தெம்பைக் கடனுக்கு வாங்குவதை விட்டுவிட்டு, விலையை முன்கூட்டியே கட்டிவிடுகிறேன். வாழ்க்கையில் இப்போதுதான் ஒழுங்காக இருக்கிறேன்.

சனிக்கிழமை நான் வந்திருந்தேன்.

வீட்டுக்காரியிடம் சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ இன்னும் அந்தக் கடிதத்தைப் படிக்கிறாயா என்று பார்க்கத்தான் வந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ படிக்கவில்லை. பாதி நிகழ்ச்சியில் என்னை அறியாமல் தூங்கிப்போனேன். உன் மேல் குறையில்லை, இந்த உடம்பு எங்கே வேண்டுமானாலும் தூங்குகிறது.

“அங்க பாருங்க, பின்னாடி ஒருத்தரு டிக்கெட் வாங்கிட்டு வந்து தூங்குறாரு! வீட்ல மெத்தை இல்லயாங்க?” என்று நீ கேட்டாய். சிரிப்புச் சத்தத்தில் விழித்தேன். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இருபது வருடப் பழக்கம், எழுந்து நின்று கும்பிட்டுவிட்டேன். அதற்கும் ஒரு கைதட்டல் விழுந்தது.

முடிந்ததும் வாசலில் வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்தாய். எனக்கும் கொடுத்தாய். முடி பாதி கொட்டிவிட்டது, மூக்கு வரை முகக்கவசம், உள்ளே இருந்த ஆளிலும் பாதியைக் காணோம். உனக்கு எப்படித் தெரியும்? நீ வேன் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே, “வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க” என்றாய். இத்தனை வருடத்தில் நீ எனக்குக் கொடுத்த முதல் மரியாதை. டேய் என்று கூப்பிட வாயெடுத்தேன், முடியவில்லை. வீடு வரை அழுதுகொண்டே நடந்தேன்.

ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியது அதுவல்ல. தூங்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்தேன். நாம் போடும் காட்சியை நான் ஒருநாளும் எதிரில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நீ மேடையின் இடது ஓரத்திலேயே நின்றாய். கடைசி வரை நகரவில்லை. வலது பக்கம் ஒரு பெரிய ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. பேச்சு வேகத்தில் கையை வீசினாலும், அந்தப் பக்கம் போகும்போது மட்டும் பாதியில் மடக்கிக்கொண்டாய், என் வயிற்றில் இடித்துவிடக் கூடாது என்று. அந்த நிமிடமே என் கோபம் போய்விட்டது.

ஆகஸ்டுக்கு நான் வர மாட்டேனடா. அதற்குப் பிறகும் வர மாட்டேன். நீ இடம் விட்டுவைத்திருக்கும் அந்த ஆளை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவன் இருந்திருந்தால் நான் இருந்திருக்க மாட்டேன். வேறு யாரையாவது சேர்த்துக்கொள், இல்லை தனியாகவே நில். எப்படியானாலும் மேடை நடுவுக்கு வா. கையை முழுசாக நீட்டிப் பேசு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உன் தங்கச்சியும் வரச் சொல்கிறாள். கதவைத் திறக்கிற ஆளிடம் மட்டும் ‘ங்க’ போட்டுப் பேசாதே, தாங்க மாட்டேன்.

உன்
நண்பன்