குதிரை செத்த பக்கம்

செவ்வாய், இரவு.

ஃபேஷியலுக்கு வந்திருந்த ஒரு அம்மாவின் கன்னத்தில் காய்ந்திருந்த ஃபேஸ் பேக்கில் ஒரு விரிசல் விழுந்தது. என்னைப் பார்த்துச் சிரித்ததால் வந்தது. நான் வேலை பார்க்கும் கே.கே. நகர் பியூட்டி பார்லரின் மூலையில், ஒரு சரித்திர நாவலைப் படித்தபடி அழுதுகொண்டிருந்தேன்.

"யாருடி செத்தா, ராஜாவா?" என்றார் பார்லரை நடத்தும் அக்கா.

"குதிரை, அக்கா."

"போன வாரம் பேய் நாவலுக்குச் சிரிச்ச. இதுக்கு அழுவுறியா?"

பயமுறுத்தத் தெரியாத அந்தப் பேயும் அருமைதான். ஆனால் இந்தக் குதிரைக்கு ஈடில்லை.

"குதிரைய சாகவிடாம முடிச்சிருக்கலாம்" என்றார் அந்த அம்மா.

பள்ளிப் படிப்பை விட்டதிலிருந்து யார் எது சொன்னாலும் தலையாட்டிவிடுவேன். இன்று முடியவில்லை.

"இல்லைங்க. அது செத்ததாலதான் ராஜா முதல்முறையா நடந்து போறான். அப்பதான் ஜனங்க முகத்தப் பாக்குறான். எவ்ளோ நல்லா எழுதியிருக்காங்க!"

அக்கா என்னையே பார்த்தார்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் அந்த அம்மா.

பஞ்சை நனைத்து, அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொல்லத் தொடங்கினேன்.