வெந்நீர் தீராத காலை

கணவாய் விடுதி, ஜூலை 18

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த ஜூலைக் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தடவ மறக்காதீர்கள். நான் நலம்தான், மூக்குத் தோல் மட்டும் உரிந்திருக்கிறது.

ஞாயிறன்று விடுதியில் புவெனஸ் அயர்ஸ்காரர்கள் மூவர் தங்கியிருந்தார்கள். இரவெல்லாம் பனி கொட்டியதால், காலையில் கணவாய்ப் பாதை மூடல் என்று பலகையில் எழுதினேன். கஸ்தோன் என்பவன் சிரித்தான்.

"வானம் பளிச்சுனு இருக்கு, இதுக்குப் போய் பயப்படுறியே தங்கச்சி. நாங்க கிளம்புறோம்."

"தாராளமா. ஒரு வாய் மாத்தே குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மாத்தே இலைத் தேநீர் ஒரே கிண்ணத்தில் சுற்றி வரும். நன்றி சொல்பவனுக்குத்தான் ஊற்றுவதை நிறுத்துவோம். ஆனால் கெட்டிலில் வெந்நீர் இருக்கும்போதே நன்றி சொல்லி எழுந்து போனால் ஊற்றுகிறவளுக்கு அவமானம். அவர்கள் அசந்த நேரமெல்லாம் கெட்டிலை நிரப்பிக்கொண்டே இருந்தேன்.

"இந்தக் கெட்டிலுக்கு அடியே கிடையாதா?" என்று கஸ்தோன் நெளிந்தான்.

பத்தரைக்குச் சரிவில் வெயில் விழுந்தது. சற்று நேரத்தில் ஜன்னல்கள் அதிர, பனி மொத்தமாகச் சரிந்து பாதை புதைந்தது. கஸ்தோன் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டி, "நன்றி" என்றான்.

மூவரும் வந்த வழியே இறங்கிவிட்டார்கள். எனக்கு இரண்டு கிலோ மாத்தே இலை அனுப்புங்கள், கம்பளிக் காலுறையும் வேண்டும். செப்டம்பர்வரை இங்கேதான் இருப்பேன், பலகையில் எழுத ஆள் வேண்டுமே. சாமான் கொண்டுவந்தவர் கிளம்புகிறார், முடிக்கிறேன். இப்போதெல்லாம் நானே ஊற்றி நானே குடிக்கிறேன். நன்றி சொல்ல ஆளில்லாததால், எப்போது நிறுத்துவதென்றுதான் தெரியவில்லை.

உங்கள் மகள்,
நேலிதா