கையெழுத்துப் போட்ட உடம்பு

வீட்டு மகாராணிக்கு வணக்கம். உன் முட்டிவலி தேவலையா? நானும் என் தொப்பையும் நலம்.

மருத்துவக் கல்லூரியில் பிணங்களை அறுத்துப் படிக்கும் கூடத்தைக் கழுவுகிறேன் அல்லவா? வேலைக்குச் சேர்ந்த அன்று குமாஸ்தா காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒன்று, செத்தபின் உடம்பைப் படிப்புக்குக் கொடுக்கும் தாளாம்! "எதுக்குய்யா பயம், செத்தப்புறம்தானே!" என்று சிரிக்கிறார்.

அங்கே படுத்திருப்பவர்கள் மனசாரக் கொடுத்த புண்ணியவான்கள். நானோ பயந்தாங்கொள்ளி. அவர்கள் கால்விரலில் கட்டிய நம்பரைப் பார்த்தால், என் நடுக்கத்தில் துடைப்பம் தானாகவே கூட்டுகிறது. இங்கேயே செத்தால் உன்னிடம் வந்துசேர மாட்டேனே.

மனைவி எழுதிக் கேட்டால் தாளைக் கிழித்துவிடுவார்களாம். 'என் புருஷன் எனக்கு வேணும்' என்று உடனே எழுதி அனுப்பு. இருபத்தாறு வருஷமாகச் சொல்லாததை இப்போதாவது சொல். குனிந்து கழுவும் இடுப்புக்குத் தைலமும் அனுப்பு. வேலை மணி அடித்துவிட்டது.

இப்படிக்கு,
உன் தொல்லை