நெட்டையின் மகள் வந்து போனாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம், அம்மாவுக்குப் படியேறினால் மட்டும் முழங்கால் வலி. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் மனசு ஆறவில்லை. மத்தியானம் கதவு தட்டும் சத்தம், திறந்தால் உன் வயசுப் பெண், கையில் நகலெடுத்த காகிதக் கட்டு. அம்மா பெயரைச் சொல்லி, "அவங்களைப் பாக்கணும், அவங்க வீட்டுக்காரர் குவாரி விபத்துல தவறிட்டாரே, அது விஷயமா" என்றாள். அந்த வீட்டுக்காரன் நான்தானம்மா என்றேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், "அப்ப எங்கப்பா?" உள்ளே உட்காரவைத்து விசாரித்தேன். அவள் நெட்டையின் மகள்.

நெட்டை என்று நாங்கள் கூப்பிட்டவன், கல்லூரி நிலவியல் ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்தவன், நீ அப்போது தவழ்கிற பிள்ளை. பாறை மாதிரிகள் எடுக்கப் போன குவாரியில் மேடு சரிந்தது, நான் தப்பினேன், அவனைப் பிணமாகத்தான் தோண்டி எடுத்தோம். தூக்கியவர்களில் நானும் ஒருவன். முகத்தைக் குழந்தைக்குக் காட்டவில்லை. அவன் மனைவி மகளோடு அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள், தொடர்பு விட்டுப்போயிற்று. அந்தக் குழந்தைதான் வளர்ந்து அதே கல்லூரியில் சேர்ந்து, நூலகத்தில் ஓர் ஆய்வேட்டைப் பிரித்திருக்கிறாள். அதில் செத்தது நான், பிழைத்தது நெட்டை. அதைப் பார்த்து எழுதிய இரண்டாவது ஆய்வேட்டில் அவன் வேலையை விட்டுப் போனதாக இருக்கிறது. மூன்றாவதில் வேறு ஊரில் வாழ்ந்துகொண்டிருக்கிறான். நாலு வருஷமாகப் போட்டோவை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடியிருக்கிறாள். "அம்மா சொன்னதை நம்பல மாமா, அச்சுல இருந்ததை நம்பினேன்" என்றாள். முதலிலேயே என்னிடம் வந்திருக்கலாமே என்றேன். "செத்தவர்கிட்ட எப்படி வர்றது?" என்றாள்.

மறுநாள் இருவரும் நூலகத்தில் பழைய பேப்பர் கட்டுகளை இறக்கினோம். விபத்துக்கு அடுத்த நாள் பேப்பரில் இறந்தவன் என்று என் பெயர், என் வயசு, நம் தெரு; அன்றைய அலைச்சலில் இதை நான் பார்க்கவே இல்லை. வாசிக்கும்போது என்னையறியாமல் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டேன். அதற்கும் அடுத்த நாள் பேப்பரில், ஓரத்தில் நாலே வரி, பெயர் மாறிவிட்டது, வருந்துகிறோம் என்று. முதல் ஆய்வேடு எழுதியவர் அந்த மறுநாள் பேப்பரைப் புரட்டவில்லை, பின்னால் வந்தவர்கள் பேப்பரையே தொடவில்லை. அந்த நாலு வரியை அவள் மூன்று தரம் வாய்விட்டுப் படித்தாள். அப்புறம்தான் செத்த அப்பாவுக்காக அழுதாள், இத்தனை வருஷம் கழித்து.

வீட்டுக்கு வந்ததும், நீ அனுப்பியிருந்த உன் ஆய்வேட்டு அத்தியாயத்தை எடுத்தேன். ஆதாரப் பட்டியலில் பதினேழாவதாக, அவள் நகல் கட்டில் இருந்த அந்த மூன்றாவது ஆய்வேடு, பக்கம் எழுபத்து மூன்று. அந்தப் பக்கத்தில்தான் கண்ணு, நான் செத்துக் கிடக்கிறேன். திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே பதறியடித்துப் போன் பண்ணியிருப்பாய். திட்டவில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் திறந்து பார், அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று வேர்வரை போ. எந்தப் பக்கத்தில் யார் வீட்டு மனிதர் கிடக்கிறாரோ.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்குக் குவாரியில் இடத்தைக் காட்டப் போகிறேன். நீ நன்றாக இரு, நினைத்ததெல்லாம் கைகூடட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா