வேலிக்கு அந்தப் பக்கம் சுகந்தியின் பிறந்தநாள்

ஜூலை 10, 1968. புதன்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஊசி ஆயிற்று. மாத்திரை ஆயிற்று. இனி மத்தியானம் வரை படுக்கை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை "உட்கார், எழுந்திரு" என்று ஆட்டி வைத்தவளை இப்போது நர்ஸம்மா "படுங்க டீச்சர், படுங்க" என்று ஆட்டி வைக்கிறார். வேண்டும் எனக்கு.

21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சுகந்திக்கு மூன்று வயது. நெஞ்சில் டி.பி. என்று சொல்லி என்னைத் தாம்பரத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தபோது அவளுக்குப் பேச்சே வரவில்லை. இப்போது வாயை மூடுவதில்லையாம். ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. சிறு பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அவர்கள் நல்லதுக்குத்தான். தெரிந்தால் மட்டும் ஆசை அடங்கிவிடுமா?

ஒரு யோசனை. எங்கள் வார்டு வராந்தாவுக்கு எதிரே முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மண்ரோடு, பெரிய வாகை மரம். பிறந்தநாளை அந்த மரத்தடியில் வைத்தால்? நான் இங்கே நின்று பார்க்கலாமே.

நர்ஸம்மாவிடம் கேட்டேன். "எட்ட நின்னு பாக்கறதுக்கு என்ன? ஆனா ரொம்ப நேரம் நிக்கப்படாது." எழுந்து ஆடலாம் போல் இருந்தது. ஆடவில்லை.

ஜூலை 12, வெள்ளி

ராத்திரி லேசாகக் காய்ச்சல். காலையில் இல்லை.

அவரிடம் சொல்ல வேண்டியவை:

கேக்: மதினி வாணலியில் மணல் கொட்டி, மேலே தட்டில் நெருப்பு வைத்துச் சுடுவார். ரேஷன் சர்க்கரை மிச்சம் இல்லாவிட்டால் வெல்லம். கறுப்பாக இருந்தால் சாக்லேட் கேக் என்று சொல்லிவிடலாம்.
மெழுகுவர்த்தி: கரண்ட் போனால் ஏற்றுகிற ஒன்றை மூன்றாக நறுக்கினால் போதும்.
பொரி, உடைத்த கடலை. எலுமிச்சம்பழ சர்பத்.
தொப்பி: பழைய காலண்டர் தாள்.
கவுன்: என் ரோஸ் புடவையைக் கிழித்துத் தைக்கலாம். எனக்கு இனி எதற்கு என்று எழுத வந்தேன். எழுதவில்லை.
தோரணம்: நாங்கள்.

"நாங்கள்" என்றால் வார்டு முழுக்க. பக்கத்துக் கட்டில் அந்தோணியம்மாதான் ஆரம்பித்தது. கோவளத்துக்காரி, மீன் விற்கிறவள். வந்தபோது எலும்பும் தோலும். இப்போது கன்னம் உப்பி, முகம் பளபளவென்று, ஊருக்குப் போகத் தயாராக இருக்கிறாள்.

"இன்னா டீச்சர், தோரணம் இல்லாம கொயந்தைக்கு இன்னா பொறந்த நாளு? காயிதம் வரவழை. நான் ஒட்றேன்."

இங்கிருந்து வெளியே போகிற எதுவும் கிருமி சாக வெயிலில் காய்ந்துதான் போக வேண்டும். அதனால் சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதச் சங்கிலி துணிக்கொடியில் தொங்குகிறது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தவர் குனிந்து அதன் அடியில் நுழைந்து போனார். நல்ல மனுஷர்.

ஜூலை 14, ஞாயிறு

அவர் வந்தார். சட்டையில் பொத்தான் இல்லை. வாகை மரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, "ஜமுக்காளம் விரிக்க நல்ல இடம்" என்றார். குரோம்பேட்டையிலிருந்து காலனிப் பிள்ளைகள் ஐந்தாறு பேரோடு ரயிலில் வருவார்களாம்.

"என்னை ஞாபகம் இருக்கா அவளுக்கு?"

"என்ன இப்படிக் கேக்கற? டெய்லி சாயங்காலம் ஜெபம் முடிஞ்சதும் கல்யாண போட்டோவைக் காட்டறேன். அம்மா எங்கேன்னா டக்குனு விரல் வைக்கிறா."

கல்யாண போட்டோவில் என் முகம் பூரி மாதிரி இருக்கும். தலை நிறைய மல்லிகை. அவர் போன பிறகு கண்ணாடி பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

இன்னொன்றும் கேட்டேன். "மதினியை என்னன்னு கூப்பிடறா?"

ஃபேனைப் பார்த்தார். "அத்தைன்னுதான். சில சமயம் அம்மான்னும் வருது. குழந்தைதானே."

மதினி அவருடைய அக்கா. தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு, திருநெல்வேலியிலிருந்து வந்து என் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார். காலில் விழ வேண்டும் அவர் காலில். ஆனாலும் வயிறு எரிகிறது. எரிகிறது என்றால் எரிகிறதுதான். ஆண்டவருக்குத் தெரியாததா?

ஜூலை 17, புதன்

திடீர் மழை. எழுந்து ஓடக்கூடாதவர்கள் எல்லோரும் எழுந்து ஓடித் தோரணத்தைக் காப்பாற்றினோம். நல்ல திட்டு.

எடை பார்த்தார்கள். ஏறவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி டாக்டர், "இன்னும் கொஞ்ச நாள் பொறுமையா இருங்கம்மா." கொஞ்ச நாள் என்றால் எத்தனை? அதற்குள் சுகந்தி பள்ளிக்கூடமே போய்விடுவாள் போல.

அவளைத் தூக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். கழுத்தில் பவுடரும் வேர்வையும் கலந்து ஒரு வாசம் வருமே, அது.

ஜூலை 20, சனி

ஆபீஸ் முடிந்து அவர் அவசரமாக வந்தார். முகமே சரியில்லை.

வெயிலில் காய்ந்தது போதாதென்று, வியாழக்கிழமை அவர் எடுத்துப் போன தோரணத்தை மதினி லோஷன் தண்ணீரில் முக்கியிருக்கிறார்! காகிதத்தை! சாயம் மொத்தமும் இறங்கி, வாளியில் ரோஸ் கூழ். சுகந்தி இரண்டு கையையும் அதில் விட்டு, சுவர் முழுக்க அப்பியிருக்கிறாள். வீட்டுச் சொந்தக்காரர் வேறு சத்தம் போட்டாராம்.

"எத்தனை பேர் ஒட்டினது தெரியுமா? நாங்க என்ன தீண்டத்தகாதவங்களா?" என்று கத்திவிட்டேன்.

"அக்காவுக்குப் பயம், எஸ்தர். குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா உனக்கு யார் பதில் சொல்றதுன்னு பயம்."

அதுவும் நியாயம்தான். அந்தோணியம்மாதான் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். "காயிதத்துக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணலையா உங்க மதினி? சரி, பேஜார் பண்ணாத டீச்சர். பொறந்த நாள் வந்தா சரி."

காலனிப் பிள்ளைகள் செய்தித்தாளில் வேறு தோரணம் ஒட்டுகிறார்களாம். சுவரில் அந்தக் கை அச்சைக் கழுவ வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 21, ஞாயிறு

வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மூன்று மணிக்கே தலை வாரி, பவுடர் போட்டு, மல்லிகை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்தோணியம்மா தன் பூவில் பாதியைக் கிள்ளி எனக்கும் வைத்தாள். நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வராந்தாவில் வரிசை. ரயில் பார்க்க நிற்கிற மாதிரி.

வந்தார்கள். அவர் கையில் கேக் டப்பா. மதினி ஜமுக்காளத்தோடு. நடுவில் ரோஸ் கவுன். இவ்வளவு உயரமா? குச்சிக் கால். நெற்றி அவருடையது. நடை என்னுடையது, அப்படியே என்னுடையது.

பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு கூச்சல். அவர் அவளைத் தூக்கி வேலி ஓரமாக வந்து, "சுகந்தி, அம்மா எங்கே? அம்மாவுக்கு டாட்டா காட்டு" என்றார். இங்கே வரை தெளிவாகக் கேட்டது.

அவள் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக. என்னிடம் வந்தாள். தாண்டிப் போனாள். அந்தோணியம்மாவிடம் நின்றாள்.

"அம்மா!"

கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறாள். போட்டோவில் இருக்கிற முகம் அதுதானே? உப்பின கன்னம், தலையில் பூ. குழந்தை மேல் என்ன தப்பு?

அந்தோணியம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஐயோ, நான் இல்லடி கண்ணு."

"கையை ஆட்டு" என்றேன்.

"இன்னா டீச்சர் பேசறே நீ?"

"ஆட்டு. பொறந்த நாளும் அதுவுமா குழந்தை முகம் வாடக்கூடாது."

ஆட்டினாள். அழுதுகொண்டே ஆட்டினாள். சுகந்தி அப்பா கையில் குதிக்கிறாள். அவர் மட்டும், "அது இல்லடா, பக்கத்துல, பக்கத்துல பாரு" என்று விரலை நீட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. சும்மா வருகிற இருமல் இல்லை, ஆளை மடக்கிப் போடுகிற இருமல். கம்பியைப் பிடித்துக்கொண்டு, துண்டை வாயில் வைத்து... நிமிர்ந்தபோது அங்கே எல்லாக் குழந்தைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. சுகந்தியின் முகத்தை மதினி தன் முந்தானைக்குள் அணைத்திருந்தார்.

நர்ஸம்மா உள்ளே கூட்டி வந்துவிட்டார். கேக் வெட்டியதைப் பார்க்கவில்லை. பாட்டும் கைத்தட்டலும் கேட்டன.

ஜூலை 22, திங்கள்

காய்ச்சல். அந்தோணியம்மாவோடு பேசவில்லை. அவள் பால் டம்ளரை நீட்டினாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் என்ன செய்தாள் பாவம்? தேறினாள், அவ்வளவுதான்.

ஜூலை 24, புதன்

அந்தோணியம்மா ஊருக்குப் போகிறாள். மாமாங்கம் ஆனாலும் தீராத கோபம் என்று நினைத்தேன், அவள் மூட்டையைக் கட்டுவதைப் பார்த்ததும் போன இடம் தெரியவில்லை. இரண்டு பேரும் அழுதோம்.

"நல்லா துன்னு டீச்சர். துன்னாத்தான் மூஞ்சி வரும். வந்துச்சின்னா கொயந்த தன்னால தெரிஞ்சிக்கும்."

பக்கத்துக் கட்டில் காலி. மத்தியானம் முட்டையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

மப்பும் மந்தாரமும். அவர் வந்தார். பின்னாலேயே மதினி! இத்தனை நாளில் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாதவர். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்ததும் எடுத்துவிட்டார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எஸ்தர், உன் மக அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் கேக்கா, 'அந்த அத்தை ஏன் இருமினாங்க'ன்னு. நான் சொல்லிட்டேன். 'அத்தை இல்லட்டி. இருமினாங்கல்லா, அவங்கதான் உங்க அம்மா'ன்னு. சொன்னது தப்பா?"

"தப்பில்ல, மதினி."

"இப்ப யாரு இருமினாலும் அம்மாங்கா. நேத்து பால்காரர் வாசல்ல சைக்கிளை நிறுத்திட்டு லொக்கு லொக்குன்னு இருமினார். வாயில வச்ச சோத்தோட எந்திரிச்சிட்டா. 'அம்மா வந்தாச்சு, அம்மா வந்தாச்சு'ன்னு தெரு வரைக்கும் போயிட்டா."

அவர், "அக்கா, போதும்" என்றார்.

"இருங்க" என்றேன் நான். "ஓடினாளா மதினி?"

"ஓடினா. கை கூடக் கழுவல."